விழுந்தவன் கோலுக்குப் போகணும்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். சோம்பல் ஒரு பக்கம். பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு தடவை கோட்டை விட்டவன் எழுதி யார் படிக்கப் போகிறார்கள் என்பது இன்னொரு பக்கம். சொட்டைதான் விடவில்லை. சொட்டை என் கூட்டாளி. இருபத்தைந்து வயதிலேயே தலையில் முன்வாசல் திறந்துவிட்டது, அதனால் அந்தப் பேர். வைத்தது நான்தான். செல்லூரில் எங்கள் சந்தில் பாதிப் பேருக்குப் பேர் வைத்தது நான்தான்.

"ஊர்ல ஒருத்தன விடாம ஓட்டுற. அவனப் பத்தின்னா மட்டும் வாயத் தொறக்க மாட்டேங்கிற. சொல்ல முடியலன்னா எழுதித் தொலடா," என்றான்.

சொட்டை சொல்கிற அந்த 'அவன்' பேரை எழுதமாட்டேன். பட்டப்பேரை எழுதலாம் என்றால், அவனுக்கு அது கிடையாது. ஆறு வருஷத்தில் ஏழெட்டுப் பேர் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. கூப்பிட்டால் சிரிப்பான், திரும்ப மாட்டான். இடித்தாலும் சாயாதவன் மேல் பேர் மட்டும் எப்படி ஒட்டும்?

அவன் விழமாட்டான். அவனைப் பற்றி ஒரே வரியில் சொல் என்றால் அவ்வளவுதான் சொல்வேன். பந்து ஆடும்போது யார் இடித்தாலும், சட்டையைப் பிடித்து இழுத்தாலும், காலைக் கொடுத்துத் தட்டிவிட்டாலும் விழமாட்டான்.

பிறக்கும்போதே அப்படி இல்லை. அதைத்தான் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் கிரவுண்ட் வைகை ஆற்றுக்குள் இருக்கிறது. அணையைத் திறந்தால் எங்களுக்கு லீவு. மற்ற நாளெல்லாம் கரையிலிருந்து இறங்கினால் ஒரு திட்டு. மணல் எப்போதோ போய்விட்டது. கட்டட இடிசலும் ஓட்டுச்சில்லும் பாட்டில் துண்டுமாக மிதிபட்டு இறுகிக் கிடக்கும். இடம் சின்னது என்பதால் இரண்டு டீமுக்கும் சேர்த்து ஒரே கோல். இரண்டு சிமெண்டுக் கல்தான் அந்தக் கோல். அதற்குப் பின்னால் ஏரியாச் சாக்கடை. பந்து அதற்குள் போனால் கோலில் நிற்பவன்தான் இறங்கி எடுக்க வேண்டும். முழங்கால் வரை கறுப்பாக ஏறி வருவான். அதனால் கோலில் நிற்க ஆள் சிக்காது. தினமும் கால் மணி நேரம் அதிலேயே சண்டை போகும்.

அப்புறம் சொட்டை. அவன் மேல் காற்று அடித்தாலே விழுவான். விழுந்து புரண்டு, "ஃபவுல், ஃபவுல்" என்று காலைப் பிடித்துக்கொண்டு கத்துவான். எழுந்ததும் முயல் மாதிரி ஓடுவான். ஒருநாள் எரிச்சலில் நான் சொன்னேன்:

"இனிமே ஒரே ரூலுதான்டா. விழுந்தவன் கோலுக்குப் போகணும். அடுத்தவன் விழுகுற வரைக்கும் அங்கயே நிக்கணும்."

சிரிப்பதற்காகச் சொன்னது. அன்றைக்கு சொட்டை நாலு தடவை சாக்கடையில் இறங்கினான். ரூல் நிலைத்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் அவன் வந்து சேர்ந்தான். பன்னிரண்டு வயது. பேரையூர் பக்கத்து ஊர். அப்பா கேரளாவில் கொத்து வேலைக்குப் போனவர், ஊர்ப்பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டே வந்து ஒரேயடியாக நிறுத்திவிட்டார். அம்மா இவனைக் கூட்டிக்கொண்டு செல்லூருக்கு வந்து ஒரு தறி ஷெட்டில் நூல் சுற்றுகிற வேலைக்குச் சேர்ந்தார். பையன் முருங்கைக்குச்சி மாதிரி இருந்தான். முதல் நாள் ஏழு தடவை விழுந்தான். எண்ணினேன், எண்ணிச் சிரிப்பதுதானே என் வேலை. அந்த வாரம் முழுக்க அவன்தான் கோலில். வேறு எவனாவது விழுந்து இவன் வெளியே வந்தால், மறுபடி விழட்டும் என்று பார்த்துப் பார்த்து இடித்தோம். வாரக் கடைசியில் அவன் அம்மா ஆற்றங்கரை வரைக்கும் வந்து, "பந்து ஆடப் போறேன்னு சொல்றான், வீட்டுக்கு வந்தா சாக்கடை நாத்தம் நாறுறான். என்னதான்யா செய்றீக இவன?" என்று கேட்டார்.

"கோல்கீப்பிங் ட்ரெயினிங் குடுக்குறோம் அத்தை," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அதுதான் அவனிடம் பிரச்சனை. நாம் சிரித்தால் அவனும் சிரிப்பான்.

அதற்கப்புறம் அவன் தனியாக என்னவோ செய்ய ஆரம்பித்தான். டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நிற்பான். பஸ் வளைவில் திரும்பும், பிரேக் போடும், இவன் முழங்காலை லேசாக மடக்கி ஆடிக்கொண்டே நிற்பான். "கம்பியப் பிடிடா, விழுந்து தொலைச்சிறாத," என்று கண்டக்டர் கத்துவார். ஆற்றங்கரைக் கல்லில் ஒற்றைக்காலில் தாவுவான். அம்மா வேலை செய்கிற ஷெட்டில் நூல் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பின்பக்கமாக நடப்பான். எதற்கு என்று கேட்டால் ஒரே பதில்தான்.

"நின்னா ஆடலாம்ணே."

ஆறே மாதம். அதற்குப் பிறகு அவன் கோலில் நின்று நான் பார்க்கவில்லை. பதினாலு வயதில் என்னை மாதிரித் தடியன் ஓடிவந்து தோளால் முட்டினாலும், ஆள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கை தரையைத் தொடுகிற மாதிரி போய், அங்கிருந்து நிமிர்ந்து போய்க்கொண்டே இருப்பான். பந்து காலோடு இருக்கும். முட்டிய நான் கீழே கிடப்பேன். "போங்கண்ணே, கோலுக்கு," என்பான். திமிராகச் சொல்லமாட்டான். டீ குடிக்கக் கூப்பிடுகிற மாதிரி சொல்வான்.

பள்ளிக்கூட டீமில் அவன் பதினொன்றாவது படிக்கும்போது ஒரு மேட்ச். நான் லோடு இறக்கிவிட்டு வண்டியோடு போயிருந்தேன். மாட்டுத்தாவணியிலிருந்து பூ மூட்டை ஏற்றுகிற குட்டியானை வண்டி ஓட்டுகிறேன், அதுதான் பிழைப்பு. கடைசி நிமிஷம். கோலுக்கு முன்னால் இவன் ஒருத்தன்தான். பின்னால் வந்த பையன் சட்டையைப் பிடித்து இழுத்தான். சட்டை தோளிலிருந்து இடுப்பு வரை கிழிந்தது. இவன் கிழிந்த சட்டையோடு இரண்டு எட்டு போனான். அதற்குள் கோல்கீப்பர் பந்தைப் பொறுக்கிவிட்டான். ரெஃப்ரி விசில் ஊதவில்லை. விழாதவனுக்கு எதற்கு விசில் என்று நினைத்திருப்பார். மேட்சில் தோற்றார்கள்.

அவர்கள் பி.டி. சாருக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

"விழுந்திருக்கலாம்லடா. பெனால்டி கெடச்சிருக்கும்லடா. விழுறதுக்கு என்னடா கேடு ஒனக்கு?"

"விழுந்தா கோலுக்குப் போகணும் சார்."

சாருக்குப் புரியவில்லை. சுவரில் உட்கார்ந்திருந்த எனக்குப் புரிந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அந்த வாரம் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லி டீக்கடையில் சிரித்தோம்.

ப்ளஸ் டூ முடிக்கிற சமயத்தில் சென்னையிலிருந்து ஒரு காலேஜ் கோச் செலக்‌ஷனுக்கு வந்தார். பேர் வேண்டாம். இருநூறு பையன்கள் போல ஓடினார்கள். மூன்றாவது நாள் அவர் பி.டி. சாரைக் கூப்பிட்டு, "இந்தப் பையன் ஏன் சார் கீழயே விழமாட்டேங்கிறான்? எங்க கத்துக்கிட்டான்?" என்று கேட்டாராம். சார் எங்கள் ஆற்றைக் கைகாட்டியிருக்கிறார். காலேஜில் இடம், ஹாஸ்டல், சாப்பாடு, ஃபீஸ் எல்லாமே அவர்கள் செலவு. ஆடினால் போதும். ஆனி மாதம் போய்ச் சேர வேண்டும்.

அவன் அம்மா என்னைத் தேடி வண்டி நிற்கிற இடத்துக்கே வந்தார்.

"ஏப்பா, பந்து வெளையாடுறதுக்கு சோறும் போட்டுப் படிப்பும் குடுக்காகளாமே. ஏமாத்து வேல ஒண்ணும் இல்லையே?"

"கிட்னி எடுக்கத்தான் அத்தை கூட்டிட்டுப் போறாங்க. ஒண்ணு போனா ஒண்ணு இருக்கும், பயப்படாதீங்க."

பாவம், அன்றைக்கே பி.டி. சார் வீட்டுக்குப் போய், கிட்னியை எடுத்துவிடுவார்களா என்று அழுதிருக்கிறார். சார் என்னைக் கூப்பிட்டுத் திட்டினார். கடைசியாக ஒன்று சொன்னார்: "ஒன் வாய் சும்மா இருக்காது, தெரியும். காலேஜ் போய்ச் சேர்ற வரைக்கும் அவன் பந்தத் தொடக்கூடாது. அவனுக்கும் சொல்லிட்டேன். ஒனக்கும் சொல்றேன்."

தலையை ஆட்டினேன்.

வைகாசியில் அவன் ஊரில் கோயில் பொங்கல். பொங்கலை ஒட்டி ஏழு பேர் ஆடுகிற டோர்னமெண்ட். முதல் பரிசு கிடா. செல்லூரிலிருந்து ஒரு டீம் போகலாம் என்று நான்தான் கிளப்பினேன். ஆறு பேர் தேறிவிட்டோம். ஏழாவது ஆள் சொட்டை என்றால் டீமே இல்லை என்று அர்த்தம். காலேஜுக்குப் போகப் போகிறவனோ கரையில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு மாதமாக அப்படித்தான் வந்து உட்கார்ந்துவிட்டுப் போவான்.

"அவரக் கேக்காதீங்கடா," என்றேன் சத்தமாக. "அவரு காலுக்குச் சந்தனம் பூசி, பொட்டு வச்சு, மூடி வச்சிருக்காங்க. சென்னையில போயித்தான் தொறப்பாங்க. நம்ம கூடல்லாம் ஆடுனா அந்தக் கால் கெட்டுப் போயிரும்."

சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே, "சார் வேணாம்னு சொல்லிருக்காருண்ணே," என்றான்.

"அதான்டா நானும் சொல்றேன். காலேஜ்காரரு. நாளைக்கு நம்மளப் பாத்தா, நீங்க யாருன்னு கேப்பாரு."

மறுநாள் விடியற்காலை வண்டியை எடுக்கும்போது பின்னால் ஏறி உட்கார்ந்திருந்தான். பூட்ஸை ஒரு மஞ்சள் பையில் சுருட்டி வைத்திருந்தான். வண்டியைக் கிளப்பினேன். ஜெயித்த மாதிரி இருந்தது எனக்கு.

அங்கே கிரவுண்ட் என்பது அறுத்துப் போட்ட கரிசல் காடு. மேலே ரோலர் ஓட்டியிருந்தார்கள். ஆனால் வெயில் அடித்தால் கரிசல் வெடிக்கும், அதை எந்த ரோலரும் மூட முடியாது. கை நுழைகிற வெடிப்பு. பைனல் வரைக்கும் அவனே கொண்டுவந்து சேர்த்தான். பைனலில் முதல் பாதி முடியப் போகிற நேரம், ஒருத்தன் பக்கவாட்டில் பாய்ந்து வந்தான். இவன் திரும்பினான். உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. பூட்ஸ் முனை வெடிப்புக்குள் இருந்தது. அதே நேரத்தில் அந்தப் பையனின் முழு உடம்பும் இவன் முழங்கால் மேல் வந்தது.

டக்கென்று ஒரு சத்தம். காய்ந்த கருவேலங் குச்சியை ஒடிக்கிற மாதிரி. கிரவுண்டின் மறுகோடியில் நின்ற எனக்கே கேட்டது.

அவன் கீழே போனான். கை விரல் மண்ணைத் தொட்டது. அங்கேயே ஒரு நொடி நின்றான், பாதி நிமிர்ந்து, பாதி குனிந்து. முகம் வெள்ளையாகிவிட்டது. அவன் ஊர்க்காரர்கள் எல்லாம் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள். என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"டேய், விழுந்தா கோலுக்குப் போயிருவ, பாத்துக்க," என்று கத்தினேன்.

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். சிரித்தான். நிமிர்ந்தான்.

கூட்டம் விசிலடித்தது. ரெஃப்ரி கையை விரித்து ஆட்டத்தைத் தொடரச் சொன்னார். விழவில்லை, அப்புறம் என்ன ஃபவுல்? இரண்டாம் பாதி முழுக்க ஆடினான். ஓடும்போது அந்தக் கால் தனியாக வந்தது, மற்றவர் கால் மாதிரி. ஒரு கோல் வேறு அடித்தான். கிடா எங்களுக்கு.

மற்றவர்கள் பொங்கலுக்கு அங்கேயே தங்கிவிட்டார்கள். திரும்பி வரும்போது வண்டியின் பின்னால் அவனும் கிடாயும். கண்ணாடியில் பார்த்தேன். காலியான பூச்சாக்குகளை மடித்து முழங்காலுக்கு அடியில் வைத்திருந்தான். கிடாயின் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தான். வண்டி பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அதன் முதுகில் முகத்தை வைத்து அழுத்திக்கொள்வான். நான் முன்னாலிருந்து, "டேய், கிடாய்க்கு முத்தம் குடுக்காதடா, அறுக்கப் போறோம்," என்றேன்.

மறுநாள் முழங்கால் பறங்கிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. அம்மாவிடம் மாடிப்படியில் சறுக்கிவிட்டேன் என்று சொல்லியிருந்தான். எலும்புக் கட்டு போடுகிறவரிடம் நான்தான் கூட்டிப்போனேன். முட்டையும் உளுத்தமாவும் வைத்து இறுக்கிக் கட்டினார். "ஆஸ்பத்திரியில போயி ஸ்கேன் எடுக்கவாண்ணே? சார்ட்ட சொல்லிருவமா?" என்று அவன் இரண்டு தடவை கேட்டான்.

"கிறுக்கா நீ? சார்ட்ட சொன்னா கோச்சுக்குப் போகும். கோச்சுக்குப் போனா சீட்டு போகும். வீக்கம் வத்திருச்சுன்னா எவனுக்குத் தெரியும்?" என்றேன். உண்மையில், சாருக்குத் தெரிந்தால் முதலில் என் தோலை உரிப்பார் என்பதுதான் என் பயம். அதை அவனிடம் சொல்லவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

வீக்கம் வற்றியது. மூன்று வாரத்தில் நேராக நடந்தான். ஆனி பிறந்ததும் மாட்டுத்தாவணியில் சாயங்கால பஸ்ஸுக்கு ஏற்றிவிட்டோம். அம்மா ஒரு மாலையே கட்டிக்கொண்டு வந்திருந்தார். அதைப் போட்டுக்கொள்ள வெட்கப்பட்டுக் கையில் வைத்திருந்தான். பி.டி. சார் புது பூட்ஸ் வாங்கிக் கொடுத்தார். பஸ் கிளம்பும்போது படியில் நின்று கையை ஆட்டினான். கம்பியைப் பிடித்திருந்தான்.

அதை நான் பார்த்தேன். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் ஒருத்தன்தான் பார்த்தேன். அப்போதே சாரிடம் சொல்லியிருக்கலாம். பக்கத்தில்தான் நின்றார்.

பதினோராவது நாள் திரும்பி வந்துவிட்டான். சொல்லாமல் வந்து வீட்டில் படுத்திருந்தான். நான் போனபோது அவன் அம்மா வாசலில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். என்னை அத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை சொல்லாமல் உள்ளே விட்டது அன்றைக்குத்தான்.

"என்னடா ஆச்சு?"

"ரெண்டாவது நாளே திரும்புறப்ப முட்டி கழண்டுக்கிச்சுண்ணே. நான் விழுகல. ஒரு வாரம் சமாளிச்சேன். அப்புறம் கோச்சே கண்டுபிடிச்சு ஸ்கேன் எடுக்க வச்சாரு."

"என்னவாம்?"

"ஜவ்வு பூரா அறுந்துருச்சாம். அது மட்டும்னா ஆப்ரேசன் பண்ணி ஒரு வருஷத்துல ஆடலாமாம். அறுந்த காலோட ஓடுனதுல உள்ள மெத்த மாதிரி இருக்குறதும் அரைஞ்சு போச்சாம். இனிமே நடக்கலாம். ஆட முடியாதாம்."

நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மொதல்லயே சொல்லியிருந்தா சீட்டப் பிடிச்சு வச்சு அவங்களே ஆப்ரேசனும் பண்ணிருப்பாங்களாம்ணே. போன வருஷம் ஒரு பையனுக்குச் செஞ்சாங்களாம். கோச் ரொம்ப நல்லவரு. அடிபட்ட ஒடனே ஏன்டா உக்காரல, ஏன்டா உக்காரலன்னு அதையே கேட்டுக்கிட்டு இருந்தாரு."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. நம்ம ரூலு அவருக்குப் புரியாதுல்ல."

குத்திக் காட்டுகிறானா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அவனுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி, கட்டிப் புரண்டு, தீர்ந்திருக்கும்.

இப்போது அம்மா வேலை செய்கிற ஷெட்டிலேயே தறி ஓட்டுகிறான். நாள் முழுக்க நிற்கிற வேலை. ஒரு காலில் பாரத்தைப் போட்டு நிற்பதை ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். நான் இப்போதெல்லாம் வண்டியை அடுத்த தெரு வழியாக விடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாங்கள் ஆடிக்கொண்டிருந்தபோது கரையிலிருந்து இறங்கி வந்தான். ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக் காலை வைத்தான். ஆட்டம் நின்றது. எங்களுக்கு நடுவில் நடந்து, நேராகப் போய், அந்த இரண்டு கல்லுக்கும் நடுவில் நின்றான். அதுவரை கோலில் நின்ற சொட்டை ஒதுங்கி வழிவிட்டான்.

அப்போதும் பழைய வாய்தான் பேசியது.

"டேய், நீ விழுகவே இல்லையேடா. அங்க எதுக்குடா போற?"

"இனிமே நான் நிக்கிற எடம் இதுதாண்ணே," என்றான். "அடிங்க."

யாரும் அடிக்கவில்லை. அவனே மறுபடியும் சொன்னதால் ஒருத்தன் மெதுவாகத் தட்டிவிட்டான். அது அவனைத் தாண்டி உருண்டு சாக்கடைக்குள் போனது. இவன் திரும்பி, பக்கவாட்டாக, நல்ல காலை முதலில் ஊன்றி, மற்றதைக் கையால் தூக்கி வைத்து இறங்க ஆரம்பித்தான். பதினாலு பேர் நின்று பார்த்தோம். எடுக்க ஒருத்தன் போகவில்லை. நானும் போகவில்லை. முழங்கால் வரை கறுப்போடு ஏறி வந்து, பந்தைச் சட்டையில் துடைத்து, எனக்குத்தான் போட்டான்.

இவ்வளவையும் போனில் தட்டி முடித்து சொட்டைக்கு அனுப்பினேன். எப்போதும் சிரிக்கிற பொம்மையைப் போடுகிறவன், இந்தத் தடவை அதைப் போடவில்லை. ஒரு வரிதான் வந்தது.

"ரூலப் போட்டவன் நீதான மாப்ள, நாளைக்கு நீ போய் நில்லு கோல்ல."